ஸ்கைரிமில் முதல் மோட் போடப் போகிறவர்களுக்கு: முழுமையான வழிகாட்டி

கோலாலம்பூர் செந்தூலில் எங்கள் பக்கத்து வீட்டுத் தம்பிக்குப் பதினேழு வயது. பள்ளி விடுமுறை தொடங்கிய அன்று இரவே உட்கார்ந்து, ஸ்கைரிம் என்ற கணினி விளையாட்டுக்கு நாற்பத்து மூன்று மோட்களை, அதாவது கேமை மாற்ற ரசிகர்கள் செய்து தரும் சேர்க்கைகளை, இறக்கிப் போட்டுவிட்டான். மறுநாள் காலை நான் கீழே மாமாக் கடையில் பசியாறிக்கொண்டிருந்தபோது லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வந்தான்.

"அண்ணே, கேம் திறக்கவே மாட்டேங்குது. லோகோ வருது, அப்புறம் நேரா டெஸ்க்டாப்தான்."

"கடைசியா எதைப் போட்டே?"

"ஞாபகமில்லண்ணே."

"எங்கே போட்டே?"

"எல்லாத்தையும் டேட்டா ஃபோல்டருக்குள்ளதான்."

அதற்கு மேல் கேட்க ஒன்றுமில்லை. நாற்பத்து மூன்று மோட்களின் ஆயிரக்கணக்கான ஃபைல்கள் கேமின் சொந்த ஃபைல்களோடு கலந்து, சிலது சிலதை அழித்துவிட்டு உட்கார்ந்திருந்தன. அதைப் பிரித்தெடுப்பது அரிசியில் கொட்டிய ரவையைப் பொறுக்குகிற வேலை. கேமையே அழித்துவிட்டு மறுபடி முதலிலிருந்து இறக்கினோம். அவனைத் திட்டவில்லை. 2013-இல் நானும் இதையேதான் செய்தேன், அப்போது கேட்பதற்குப் பக்கத்து வீட்டு அண்ணன் யாரும் இல்லை.

போட்டதைத் திரும்ப எடுக்கத் தெரிந்த பிறகுதான் மோட் போட வேண்டும். இந்த வழிகாட்டியில் வரும் ஒவ்வொரு படியும் அதற்காகத்தான். எடுத்துக்காட்டுக்கு ஸ்கைரிம் ஸ்பெஷல் எடிஷனை எடுத்துக்கொள்கிறேன். மோட் உலகில் நுழையும் பெரும்பாலோர் முதலில் தட்டும் கதவு அதுதான். ஸ்கைரிமைச் செய்த பெதஸ்டா நிறுவனத்தின் ஃபால்அவுட் 4-க்கும் கருவிகளின் பெயர்கள் கொஞ்சம் மாறுமே தவிர, முறை ஏறக்குறைய இதேதான்.

உங்களிடம் இருப்பது எந்த ஸ்கைரிம்?

இதைப் பார்க்காமல் ஒரு மோட்டைக்கூட இறக்க வேண்டாம். முதல் ஸ்கைரிம் வந்தது 2011 நவம்பர் 11. அது 32-பிட். ஸ்பெஷல் எடிஷன் 2016 அக்டோபர் 28-இல் வந்தது. அது 64-பிட், உள்ளே இன்ஜினே மாறிவிட்டது. பழையதற்குச் செய்த மோட்களை இதில் அப்படியே தூக்கிப் போட முடியாது. 2021 நவம்பர் 11-இல் வந்த ஆனிவர்சரி எடிஷன் தனி கேம் இல்லை. ஸ்பெஷல் எடிஷனோடு கூடுதல் உள்ளடக்கம் சேர்த்த மூட்டை, அவ்வளவுதான். அதனால் மோட் தளத்தில் தேடும்போது 'ஸ்கைரிம் ஸ்பெஷல் எடிஷன்' என்ற பிரிவில்தான் தேட வேண்டும்.

அடுத்து பதிப்பு எண். கேம் இருக்கும் ஃபோல்டரில் 'ஸ்கைரிம்எஸ்இ' என்ற இயங்கு ஃபைலின் மேல் வலது கிளிக், பிராப்பர்ட்டீஸ், டீடெய்ல்ஸ். அங்கே ஃபைல் வெர்ஷன் என்று இருப்பதைத் தாளில் எழுதி மானிட்டரில் ஒட்டிவிடுங்கள். விளையாட்டாகச் சொல்லவில்லை, நான் ஒட்டியிருக்கிறேன். 2021 புதுப்பிப்புக்கு முன்பு கடைசியாக இருந்தது 1.5.97. பழைய கைகள் பலர் இன்னும் அதைவிட்டு நகரவில்லை. 2024 ஜனவரியில் வந்தது 1.6.1170. ஸ்டீமில் புதிதாக இறக்குபவர்களுக்குப் பெரும்பாலும் இதுதான் கிடைக்கும். இந்த எண்ணுக்குப் பொருந்தாத மோட்டைப் போட்டால் கேம் திறக்காமலே போகலாம்.

எங்கே வாங்கியது என்பதும் முக்கியம். ஸ்டீம் என்ற இணையக் கேம் கடை என்றால் கவலையில்லை, விலையும் ரிங்கிட்டிலேயே காட்டும், தள்ளுபடிக் காலத்தில் நன்றாக இறங்கும். ஜி.ஓ.ஜி என்ற இன்னொரு கடையின் பதிப்பும் சரி, ஆனால் அதற்கென்று தனி எஸ்.கே.எஸ்.இ (பல மோட்களுக்குத் தேவைப்படும் துணைக் கருவி, கீழே வருகிறது) உண்டு. கேம் பாஸ் சந்தா வழியாக விளையாடுபவர்களுக்கு எஸ்.கே.எஸ்.இ வேலை செய்யாது. நல்ல மோட்களில் பாதி அதை நம்பித்தான் நிற்கின்றன. ஒரு காலத்தில் பாசார் மாலாம் இரவுச் சந்தையில் டிஸ்க் வாங்கி விளையாடிய பழக்கத்தில் எங்கிருந்தோ இறக்கிய காப்பியை வைத்திருப்பவர்களுக்கு: அது எந்தப் பதிப்பு என்று உங்களுக்கே தெரியாது, மோட்டுக்கும் தெரியாது. அதோடு மல்லுக்கட்டுவதைவிடத் தள்ளுபடிக்குக் காத்திருப்பது லாபம்.

இடம் ஒதுக்குதல்

விண்டோஸில் 'புரோகிராம் ஃபைல்ஸ்' ஃபோல்டருக்குத் தனிப் பாதுகாப்பு உண்டு. அதற்குள் வேறு மென்பொருள் கை வைத்தால் விண்டோஸ் முறைக்கும். ஸ்டீம் சும்மா விட்டால் கேமை அங்கேதான் வைக்கும். இன்னொரு டிரைவ் இருந்தால் ஸ்டீமின் ஸ்டோரேஜ் அமைப்பில் அதைச் சேர்த்து, கேமை அங்கே நகர்த்திவிடுங்கள். ஒரே டிரைவ்தான் என்றால் கேம் அங்கேயே இருக்கட்டும். ஆனால் மோட் கருவிகளைச் சி டிரைவின் வேரில் 'மோடிங்' என்று ஒரு ஃபோல்டர் திறந்து அதில் வையுங்கள். டெஸ்க்டாப்பிலோ டவுன்லோட்ஸிலோ வேண்டாம்.

டாகுமென்ட்ஸ் ஃபோல்டரை ஒன்டிரைவ் தன் வசம் எடுத்து வைத்திருக்கிறதா என்றும் பாருங்கள். ஸ்கைரிமின் சேவ்களும் ஐ.என்.ஐ எனும் அமைப்பு ஃபைல்களும் அங்கே 'மை கேம்ஸ்' என்பதற்குள் இருக்கின்றன. நீங்கள் சேவ் செய்யும் அதே நேரத்தில் ஒன்டிரைவ் அதை மேலே ஏற்ற முயன்றால் வீண் தலைவலி. அந்த ஒத்திசைவை நிறுத்திவிடுவது நல்லது.

இனி கேமை ஒருமுறை மோட் எதுவும் இல்லாமல் ஸ்டீமிலிருந்தே திறங்கள். உங்கள் கிராஃபிக்ஸ் கார்டைக் கண்டுபிடித்து ஐ.என்.ஐ ஃபைல்களை அது எழுதிக்கொள்ளும். மெயின் மெனு வந்ததும் மூடிவிடலாம்.

பிறகு ஸ்டீமில் கேமின் பிராப்பர்ட்டீஸில் அப்டேட்ஸ் பகுதிக்குப் போய், 'நான் திறக்கும்போது மட்டும் புதுப்பி' என்ற பொருளில் இருக்கும் தேர்வைப் போடுங்கள். 2021 நவம்பரிலும் மறுபடி 2023 டிசம்பரிலும் கேம் தானாகப் புதுப்பித்துக்கொண்டதால், ராத்திரி நன்றாக ஓடிக்கொண்டிருந்த மோட்கள் காலையில் படுத்துவிட்டன. இனிமேல் ஸ்டீமின் பிளே பட்டனை மறந்துவிடுவோம். கேமை வேறு வழியாகத்தான் திறக்கப் போகிறோம்.

எஸ்.கே.எஸ்.இ

ஸ்கைரிம் ஸ்கிரிப்ட் எக்ஸ்டெண்டர் என்பதன் சுருக்கம் இது. கேமின் சொந்த ஸ்கிரிப்ட் மொழியால் செய்ய முடியாத வேலைகளுக்கு இது வாசல் திறந்துவிடுகிறது. மற்ற மோட்கள் அவற்றை நிர்வகிக்கும் மேனேஜர் என்ற மென்பொருள் வழியாக வரும். இது மட்டும் கையால் போட வேண்டியது.

உங்கள் பதிப்பு எண்ணுக்குப் பொருந்தும் எஸ்.கே.எஸ்.இ-ஐ இறக்கி, செவன்-ஜிப்பால் பிரியுங்கள். உள்ளே லோடர் என்ற இயங்கு ஃபைல் ஒன்று, பதிப்பு எண்ணைப் பெயரிலேயே தாங்கிய டி.எல்.எல் ஒன்று, டேட்டா ஃபோல்டர் ஒன்று இருக்கும். இவற்றைக் கேமின் இயங்கு ஃபைல் இருக்கும் அதே இடத்தில் வையுங்கள். டேட்டாவுக்குள் இல்லை, அதற்கு ஒரு படி வெளியே. ஏற்கெனவே இருக்கும் டேட்டாவோடு புதிய டேட்டா சேர்ந்துகொள்ளும். விண்டோஸ் அனுமதி கேட்டால் கொடுங்கள்.

லோடரை இரட்டைக் கிளிக் செய்து கேமைத் திறந்து, மெயின் மெனுவில் விசைப்பலகையின் இடது மேல் மூலையில் எஸ்கேப்புக்குக் கீழே இருக்கும் விசையை அழுத்துங்கள். கேமுக்குக் கட்டளை தட்டும் கன்சோல் திறக்கும். 'கெட்-எஸ்.கே.எஸ்.இ-வெர்ஷன்' என்பதை இடைவெளியோ கோடோ இல்லாமல் ஆங்கில எழுத்தில் தட்டி என்டர் அடித்தால் எண் வரும். வந்தால் வேலை முடிந்தது. வராவிட்டால் தவறான இடத்தில் வைத்திருக்கிறீர்கள், அல்லது லோடருக்குப் பதில் பழைய வழியில் திறந்திருக்கிறீர்கள்.

மோட் ஆர்கனைசர்

மேனேஜர்களில் இரண்டுதான் பேச்சில் இருப்பவை: வோர்டெக்ஸ், மோட் ஆர்கனைசர் 2. வோர்டெக்ஸ் கெட்டதில்லை. ஆனால் கற்றுக்கொள்பவர்களுக்கு நான் மோட் ஆர்கனைசரைத்தான் சொல்வேன், காரணம் ஒன்றே ஒன்று. அது கேமின் டேட்டா ஃபோல்டரைத் தொடுவதே இல்லை. ஒவ்வொரு மோட்டும் தனித்தனி ஃபோல்டரில் இருக்கும். கேம் திறக்கும் நேரத்தில் மட்டும் எல்லாம் டேட்டாவுக்குள் இருப்பது போல ஒரு தோற்றத்தைக் கேமுக்குக் காட்டும். கேமை மூடினால் தோற்றம் கலைந்துவிடும். ஒரு மோட் பிடிக்கவில்லையா, டிக்கை எடுங்கள், அது அங்கே இருந்த சுவடே இருக்காது. எங்கள் தம்பி இதைப் பார்த்ததும் தலையில் கை வைத்துக்கொண்டான்.

'மோடிங்' ஃபோல்டருக்குள் இதை நிறுவித் திறந்தால் முதலில் ஓர் இன்ஸ்டன்ஸ், அதாவது அதற்கான வேலையிடம், உருவாக்கச் சொல்லும். போர்ட்டபிள் வகையைத் தேர்ந்தெடுங்கள், எல்லாம் ஒரே ஃபோல்டரில் அடங்கும். கேம் இருக்கும் இடத்தைக் காட்டுங்கள். நெக்சஸ் மோட்ஸ் தளத்தில் இலவசக் கணக்கு ஒன்று திறந்து அதோடு இணையுங்கள். எஸ்.கே.எஸ்.இ-ஐ முன்பே போட்டிருப்பதால், வலது மேல் பக்கம் ரன் பட்டனுக்கு அருகில் உள்ள பட்டியலில் அதுவும் தானாகவே வந்திருக்கும். இனி எப்போதும் அதைத் தேர்ந்தெடுத்து ரன் அழுத்துவதுதான் கேமைத் திறக்கும் ஒரே வழி. ஸ்டீமிலிருந்து நேராகத் திறந்தால் மோட் எதுவும் இருக்காது. 'என் மோட் எல்லாம் காணோம்' என்று வரும் புலம்பல்களில் பாதி இதுதான்.

நெக்சஸில் இலவசக் கணக்குக்கு வேகம் மட்டுப்படுத்தப்பட்டிருக்கும். பெரிய டெக்ஸ்சர் (பொருட்களின் மேல் போர்த்தும் படம்) மூட்டைகளைப் படுக்கப் போகும் முன் இறங்க விட்டுவிடுங்கள். கோலாலம்பூரில் மாலை நான்கு மணிக்கு வானம் கறுத்து இடி முழங்கும்போது தொடங்கினால், கரண்ட் ஒருமுறை துள்ளினால் போதும், பாதியில் நின்ற ஃபைலோடு மல்லாட வேண்டியதுதான்.

முதல் மோட்கள்

தளத்தில் மோட்டின் பக்கத்தைத் திறந்தவுடன் கை டவுன்லோடுக்குப் போகும். போக விடாதீர்கள். விவரணையில் 'ரிக்வயர்மென்ட்ஸ்' பகுதியை முதலில் படியுங்கள். இந்த மோட்டுக்கு வேறு எந்த மோட்கள் தேவை, எந்தப் பதிப்பு தேவை என்று அங்கே இருக்கும். பிறகு போஸ்ட்ஸ் பகுதியில் மேலே ஒட்டி வைத்திருக்கும் அறிவிப்பு. இரண்டுக்கும் மூன்று நிமிடம் ஆகும். அந்த மூன்று நிமிடத்தை மிச்சம் பிடித்ததால்தான் தம்பிக்கு ஒரு சனிக்கிழமை முழுவதும் போனது.

முதலில் அட்ரஸ் லைப்ரரி. இது கண்ணுக்கு எதையும் காட்டாது, ஆனால் எஸ்.கே.எஸ்.இ-ஐ நம்பிய மோட்களில் பல இதைக் கேட்கும். பக்கத்தில் 1.5 வரிசைக்கு ஒன்றும் 1.6 வரிசைக்கு ஒன்றும் தனித்தனியாக இருக்கும். மானிட்டரில் ஒட்டிய தாளைப் பார்த்து எடுங்கள்.

அடுத்து அன்அஃபீஷியல் பேட்ச். கேமில் நிறுவனம் திருத்தாமல் விட்ட நூற்றுக்கணக்கான பிழைகளை ரசிகர்கள் திருத்தியது. இதன் புதிய வெளியீடுகள் புதிய கேம் பதிப்பைக் கேட்கும் என்பதை மறக்க வேண்டாம். பிறகு ஸ்கை யு.ஐ. கேமின் சரக்குப் பட்டியலைக் கட்டங்களும் வரிசைப்படுத்தலுமாக மாற்றும், கூடவே மற்ற மோட்களின் அமைப்புகளுக்கு ஒரு மெனுவையும் தரும். அடுத்து கிராஷ் லாகர், கேம் விழும்போது என்ன நடந்தது என்று எழுதி வைப்பது. இப்போதே போட்டு வையுங்கள், தேவைப்படும் நாளில் போட்டால் பயனில்லை. கடைசியாகக் கண்ணுக்கு ஏதாவது வேண்டும் அல்லவா, ஸ்டாட்டிக் மெஷ் இம்ப்ரூவ்மென்ட் மோட். சதுரமான கயிறுகளும் முக்கோணமான பானைகளும் உருண்டு திரண்டு வருவதைப் பார்க்கலாம்.

இவற்றில் ஒவ்வொன்றுக்கும் ஒரே முறைதான். தளத்தில் 'மோட் மேனேஜர் டவுன்லோட்' பட்டன், ஆர்கனைசரின் டவுன்லோட்ஸ் தாவலில் அது வந்து விழும், இரட்டைக் கிளிக், பெயரை உறுதி செய்து ஓ.கே. சில மோட்கள் பக்கம் பக்கமாகக் கேள்வி கேட்கும் நிறுவியோடு வரும். நிதானமாகப் படித்துப் பதில் சொல்லுங்கள். இடது பட்டியலில் டிக் போடுங்கள். கேமைத் திறங்கள். ஐந்து நிமிடம் நடந்து பாருங்கள். மூடுங்கள். அப்புறம்தான் அடுத்தது. ஒன்று, சோதனை, ஒன்று, சோதனை. சலிப்பாகத்தான் இருக்கும்.

கிராஃபிக்ஸ் கார்டில் ஆறு ஜிபி நினைவகம் (வி.ராம்) உள்ள லேப்டாப்காரர்களுக்கு ஒரு வார்த்தை: 4கே டெக்ஸ்சரின் பக்கத்துப் படங்களைப் பார்த்து மயங்காதீர்கள். 2கே போதும், சின்னப் பொருட்களுக்கு 1கே-யே தாராளம்.

இரண்டு பட்டியல், இரண்டு வரிசை

புதியவர்கள் இங்கேதான் குழம்புவார்கள், அதனால் கொஞ்சம் நின்று போவோம். ஆர்கனைசரில் இடதுபக்கம் ஒரு பட்டியல், வலதுபக்கம் ஒரு பட்டியல். இரண்டும் ஒன்றல்ல.

இடதுபக்கம் ஃபைல்களுக்கானது. இரண்டு மோட்கள் ஒரே மரக்கதவின் படத்தை மாற்றுகின்றன என்றால், பட்டியலில் கீழே இருப்பது வெல்லும். ஒரே சுவரில் இரண்டு போஸ்டர் ஒட்டினால் கடைசியாக ஒட்டியதுதானே தெரியும், அதுதான் கணக்கு. மோதல் இருந்தால் மோட்டின் பெயருக்குப் பக்கத்தில் சிறிய மின்னல் குறி வரும். கூட்டல் இருந்தால் இது மற்றொன்றை மறைக்கிறது, கழித்தல் இருந்தால் இது மறைக்கப்படுகிறது. மோதல் என்றதும் பயப்பட வேண்டாம். எந்தக் கதவு உங்களுக்குப் பிடிக்கிறதோ அதைக் கீழே இழுத்துவிடுங்கள், கதை முடிந்தது.

வலதுபக்கம் பிளக்-இன்களுக்கானது: ஈ.எஸ்.எம், ஈ.எஸ்.பி, ஈ.எஸ்.எல் என்று முடிபவை. இவற்றில் படங்கள் இல்லை, பதிவேடுகள் இருக்கின்றன. கேமில் வைட்ரன் நகர வாசலில் நிற்கும் ஒரு காவலாளியை எடுத்துக்கொள்வோம். ஒரு மோட் அவர் முகத்தை மாற்றுகிறது. இன்னொன்று அவர் கையில் வேறு வாள் கொடுக்கிறது. இரண்டும் வேறு வேறு விஷயம், சேர்ந்து வேலை செய்யும் என்றுதான் தோன்றும். செய்யாது. அந்தக் காவலாளியின் பதிவேடு ஒரே தாள். பின்னால் வரும் பிளக்-இன் அந்தத் தாளை முழுதாகத் தன்னுடையதால் மாற்றிவிடும். வாள் மோட் கீழே இருந்தால் புது வாள் இருக்கும், முகம் பழையது. இரண்டும் வேண்டும் என்றால் இரண்டையும் சேர்த்து எழுதிய ஒரு பேட்ச் வேண்டும். பிரபலமான மோட்களுக்கு அது தளத்திலேயே கிடைக்கும். கிடைக்காவிட்டால் எக்ஸ்-எடிட் என்ற கருவியில் நாமே எழுதலாம், அதற்கு இன்னொரு நாள் வேண்டும்.

பிளக்-இன் வரிசையை லூட் என்ற கருவி அடுக்கித் தரும், ஆர்கனைசரின் வலதுபக்க சார்ட் பட்டனே அதைக் கூப்பிடும். தொடக்கத்தில் அதை நம்பலாம். ஆனால் லூட் இடதுபக்கத்தைத் தொடாது. அது உங்கள் பொறுப்பு.

எண்ணிக்கைக்கும் வரம்பு உண்டு. முழு பிளக்-இன்கள் 254 வரைதான். ஈ.எஸ்.எல் கொடி போட்ட லேசான பிளக்-இன்கள் தனிக் கணக்கு, 4096 வரை போகலாம். டெக்ஸ்சர் மட்டும் உள்ள மோட்களுக்குப் பெரும்பாலும் பிளக்-இன்னே இருக்காது, அப்படிப்பட்டவை இந்தக் கணக்கில் வரமாட்டா.

விழுந்தால்

லோகோ வந்ததும் டெஸ்க்டாப்புக்கு வந்துவிட்டதா? தம்பியின் கேஸ் அதேதான். கேமை மறுபடி இறக்கிய பிறகு அதே நாற்பத்து மூன்றையும் இந்தமுறை ஆர்கனைசர் வழியாகப் போட்டுப் பார்த்தோம், எது குற்றவாளி என்று தெரிந்துகொள்ளத்தான். வலதுபக்கப் பட்டியலில் ஒரு பிளக்-இன்னுக்குப் பக்கத்தில் சின்ன எச்சரிக்கை முக்கோணம். சுட்டியை அதன் மேல் வைத்தவுடன் 'மிஸ்ஸிங் மாஸ்டர்ஸ்' என்று வந்தது, கீழே ஒரு பெயர். அவன் போட்டது ஒரு கிராம மோட்டுக்கான பேட்ச். கிராமத்தையே போடவில்லை. வீடு இல்லாமல் கூரை மட்டும் வாங்கியது போல. அந்த ஒரு டிக்கை எடுத்ததும் கேம் திறந்துகொண்டது. முந்தின நாள் இரவு அவன் மூன்று மணி வரை முழித்திருந்தான்.

முக்கோணம் எதுவும் இல்லாமல் விழுந்தால் கிராஷ் லாகரைப் பாருங்கள். டாகுமென்ட்ஸில் ஸ்கைரிமின் ஃபோல்டருக்குள் எஸ்.கே.எஸ்.இ ஃபோல்டரில், 'கிராஷ்' என்று தொடங்கித் தேதியோடு ஃபைல்கள் இருக்கும். நோட்பேடில் திறந்தால் மேலே புரியாத எண்கள். அதைத் தாண்டிக் கீழே வந்தால் மோட் பெயரோ ஃபைல் பெயரோ கண்ணில் படும். திரும்பத் திரும்ப வரும் பெயரைச் சந்தேகப்படுங்கள். ஒரே ஒரு கிராஷை வைத்துத் தீர்ப்பு எழுத வேண்டாம், மூன்று கிராஷ் ஒரே பெயரைச் சொன்னால்தான் சாட்சி.

அதுவும் தெரியவில்லையா? பாதி முறை. மோட்களில் பாதியின் டிக்கை எடுத்துவிட்டுத் திறங்கள். விழுந்தால் குற்றவாளி மீதிப் பாதியில், விழாவிட்டால் எடுத்த பாதியில். மறுபடி பாதி. நாற்பத்து மூன்றுக்கு ஆறு முறையில் ஆள் சிக்கிவிடும். ஒன்றை ஒன்று நம்பியிருக்கும் மோட்களை மட்டும் சேர்த்தே எடுங்கள், சேர்த்தே போடுங்கள்.

சோதிப்பதற்கு உங்கள் சொந்த சேவ் ஃபைலைப் பயன்படுத்தாதீர்கள். மெயின் மெனுவில் கன்சோலைத் திறந்து ஆங்கில எழுத்தில் 'சி.ஓ.சி', ஓர் இடைவெளி, 'கியூ.ஏ.ஸ்மோக்' என்று புள்ளியில்லாமல் தட்டினால், கேமை உருவாக்கியவர்களின் சோதனை அறைக்கே போகலாம். கேமின் சாமான்களில் பெரும்பாலானவை பெட்டிகளில் கிடக்கும். பெயரில்லாத ஒரு கதாபாத்திரத்தில் ஓடிச் சுற்றிவிட்டு, சேவ் செய்யாமல் வெளியே வந்துவிடுங்கள்.

எடுக்கக் கூடாத மோட்கள்

இதுவரை எடுக்கலாம் எடுக்கலாம் என்று சொல்லிவிட்டு இப்போது இப்படிச் சொல்கிறேன். டெக்ஸ்சர், மெஷ் (பொருட்களின் வடிவம்), ஒலி போன்றவற்றை நடுவில் எடுத்தாலும் போட்டாலும் பெரிதாக ஒன்றும் ஆகாது. ஆனால் ஸ்கிரிப்ட் ஓடும் மோட்கள் தங்கள் கணக்கை உங்கள் சேவ் ஃபைலுக்குள்ளேயே எழுதிவைக்கின்றன. பசி, குளிர், புதிய குவெஸ்ட், புதிய தோழர் இதெல்லாம் அந்த வகை. மோட்டை எடுத்தாலும் சேவுக்குள் அது விட்டுச் சென்றது அப்படியே இருக்கும். பத்து மணி நேரம் கழித்து எங்கோ அது காலை வாரும். அதனால் இந்த வகையை ஆட்டம் தொடங்கும் முன்பே முடிவு செய்யுங்கள், நடுவழியில் மனம் மாறினால் அந்த மோட்டைப் போடுவதற்கு முன் செய்த சேவுக்குத் திரும்பிப் போங்கள்.

ஆர்கனைசரில் புரொஃபைல் என்று ஒன்று உண்டு. எதற்கெல்லாம் டிக், என்ன வரிசை என்பதை ஒரு பெயரில் வைத்துக்கொள்ளும். ஓடிக்கொண்டிருக்கும் ஆட்டத்துக்கு ஒன்று, பரிசோதனைக்கு இன்னொன்று என்று வைத்து, சேவ்களையும் புரொஃபைலுக்குத் தனித்தனியாகப் பிரித்துவிடும் தேர்வைப் போட்டுக்கொள்ளுங்கள். புது மோட் எப்போதும் பரிசோதனைப் புரொஃபைலில்தான் முதலில் நுழைய வேண்டும்.

ஆட்டத்தைத் தொடங்குதல்

ஸ்கைரிம் ஒரு குதிரை வண்டியில் கைகட்டிய கைதியாகத் தொடங்கும். அந்த வண்டி உண்மையிலேயே இயற்பியல் கணக்கில் ஓடுகிறது. கேமின் கணக்கு விநாடிக்கு 60 ஃபிரேமை நம்பி எழுதப்பட்டது. உங்கள் 144 ஹெர்ட்ஸ் மானிட்டரில் கட்டுப்பாடில்லாமல் ஓடவிட்டால், வண்டி துள்ளும், மரத்தில் ஏறும், சில சமயம் குதிரையோடு வானத்தில் சுழலும். தம்பி முதல்முறை பார்த்துவிட்டு இது ஏதோ மோட் என்று நினைத்தான். எஸ்.எஸ்.இ டிஸ்ப்ளே ட்வீக்ஸ் என்ற மோட் இதைச் சரிசெய்யும். அல்லது கிராஃபிக்ஸ் கார்டின் அமைப்பில் 60-க்குப் பூட்டிவிடுங்கள். அப்படியும் துள்ளினால் ஸ்கிரிப்ட் கனமான மோட்களின் டிக்கை எடுத்துவிட்டு, வண்டி போய்ச் சேரும் ஹெல்கன் ஊரைத் தாண்டிக் குகைக்கு வெளியே வந்த பிறகு போட்டுக்கொள்ளலாம். இந்த வகையை முன்பே முடிவு செய்யச் சொன்னதற்கு இது ஒன்றே விதிவிலக்கு. போவது புதிய ஆட்டம், சேவில் இன்னும் ஒன்றும் சேரவில்லை.

குகைக்கு வெளியே பனிமலை தெரியும் அந்த இடத்தில் நின்று, ஆட்டோசேவை நம்பாமல் கையால் ஒரு சேவ் போடுங்கள். அந்த ஃபைலை 'மோடிங்' ஃபோல்டரில் நகல் எடுத்து, எஸ்.கே.எஸ்.இ அதே பெயரில் பக்கத்திலேயே எழுதும் துணை ஃபைலையும் மறக்காமல் சேர்த்து வையுங்கள்.